இரவல் முகம்: புகழ்பெற்ற ஒரு படமும் முஆரளா மரபும்

காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவ மாணவியர்க்கு ஒளிப்படப் பாடத்தில் ஒரு பயிற்சி உண்டு. உலகறிந்த படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒளி, நிறம், அமர்ந்திருக்கும் கோலம், பார்வை ஆகியவற்றை ஆராய்ந்து, அதைப் போன்றதொரு படத்தைத் தாமே மீண்டும் எடுத்து ஒப்படைக்க வேண்டும். அரபு எழுத்துக்கலை பயில்வோர் ஆசான் எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்துப் பார்த்து 'மஷ்க்' எழுதிப் பழகுவது போன்றதே இது. பயிற்சி என்ற அளவில் இதில் குறை கூற ஒன்றுமில்லை.

நம் மதரஸாக் காலத் தோழர் ஒருவரின் மகள் இப்பயிற்சிக்காகத் தாம் தேர்ந்த படத்துடன் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். 'ஆப்கான் சிறுமி' என்று உலகெங்கும் அறியப்பட்ட படம் அது. அச்சிறுமியாகத் தாமே அமர்வதென்றும், தோழி படம் எடுப்பதென்றும் ஏற்பாடு. செங்காவி நிறச் சால்வை ஒன்றை வாங்கி, மூலப்படத்தில் உள்ளவாறே அங்கங்கே ஊதுபத்தியால் சுட்டுத் துளையும் இட்டாயிற்று. பச்சை நிறக் காண்டாக்ட் லென்சுக்கும் கடையில் சொல்லி வைத்திருந்தார். நம்மிடம் அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்று: "ஹஜ்ரத், இப்படி எடுப்பது கூடுமா?"

கூடும், கூடாது என்னும் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்து வந்தவரிடம் நாம் நெடுநேரம் வேறு எதையோ பேசிக் கொண்டிருந்தோம். அன்று பேசியதும், பேசத் தவறிப் பின்னர் எண்ணிப் பார்த்ததுமே இக்கட்டுரை.

ஃபிக்ஹு தொடர்பான பகுதியை விரைந்து கடந்துவிடலாம். உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்போரிடம், நீங்கள் படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள் என்று மறுமையில் கூறப்படும் என எச்சரிக்கும் நபிமொழிகள் புகாரீ, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளன. ஒளிப்படம் வந்தபோது, அதுவும் இவ்வெச்சரிக்கையில் அடங்குமா என்ற வினா எழுந்தது. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீயீ (ரஹ்) அவர்கள் இதற்கெனவே ஒரு நூல் எழுதி, ஒளிப்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றி உருவத்தைச் சமைப்பதன்று என்று வாதிட்டார்கள். நம் துணைக்கண்டத்து உலமாக்களில் பலர் இவ்வாதத்தை ஏற்கவில்லை; பயண ஆவணம் போன்ற தேவைகளுக்கு மட்டும் இசைந்தனர். இவ்விரு கருத்துகளும் வாசகர் அறிந்தவையே. ஆயினும் 'நிழலைப் பிடித்தல்' என்ற அச்சொல்லாட்சி நம்மை விட்டு அகலவில்லை. ஒளிப்படம் பிடிக்கப்பட்ட நிழல் என்றால், அந்நிழலுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு படத்தை மீண்டும் நடித்து எடுக்கும்போதோ இயல்பாக விழுந்த நிழல் எதுவும் அங்கே இல்லை. சால்வையும் கண்ணின் நிறமும் முகக்குறியும் சமைக்கப்படுகின்றன. ஃபத்வா வழங்குவது நம் வேலையன்று. ஆனால் கூடும் என்று கூறிய பெரியாரின் வாதமேகூட இவ்விடத்தில் முழுமையாகப் பொருந்தவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். பெஷாவருக்கு அருகில் நாஸிர் பாக் என்னும் அகதிகள் முகாம். 1984 டிசம்பர். சோவியத் படையெடுப்பினால் எல்லை தாண்டி வந்த ஆப்கானியக் குடும்பங்கள் அங்கே கூடாரங்களில் வாழ்ந்தன. பள்ளிக்கூடமாக அமைந்த ஒரு கூடாரத்துக்குள் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி நுழைகிறார். ஆசிரியையிடம் அனுமதி பெற்று, ஏறத்தாழ 12 வயதுடைய ஒரு மாணவியைப் படம் எடுக்கிறார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரபிக் இதழின் அட்டையில் அது வெளியாகிறது. அக்கண்களில் ஓர் அகதியின் அச்சம் பேசுகிறது என்ற வகையில் இதழ் தன் வாசகர்க்கு அறிவித்தது. சிறுமியின் பெயர் அதில் இல்லை. எடுத்தவரும் கேட்டு எழுதிக் கொள்ளவில்லை.

படமாக மட்டும் பார்த்தால் அது தேர்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. நிறங்கள் இரண்டே: சால்வையின் செங்காவி, பின்புலத்தின் பச்சை. அந்தப் பச்சையே சால்வையின் துளைகள் வழியே உள்ளாடையின் நிறமாகவும் எட்டிப் பார்க்கிறது. பின்னர் கண்களில் வந்து நிலைகொள்கிறது. ஒரே நிறம் மூன்று இடங்களில் மூன்று ஆழத்தில் வருகிறது. தோள் சற்றே திரும்பியிருக்க, முகம் நம்மை நோக்குகிறது. கருவி கண்ணின் மட்டத்தில் இருக்கிறது. கூடாரத்துக்குள் வடிந்து வந்த மென்மையான ஒளியில் கடுமையான நிழல் எங்குமில்லை. அணி இலக்கணம் பயின்றவர் இதைத் தயங்காமல் பாராட்டலாம். கவிதையும் ஒருவகைத் தஸ்வீரே என்று ஜாஹிள் கூறியதை மாணவர்க்கு ஆண்டுதோறும் பாடமாகச் சொல்லி வரும் நாம், தஸ்வீரும் ஒருவகைக் கவிதையே என்று இப்படத்தின் முன் திருப்பிச் சொல்லவும் ஆயத்தமே.

ஆனால் அந்தப் பார்வையின் பொருள் என்ன? அதை அறிய உலகம் பதினேழு ஆண்டுகள் காத்திருந்தது. 2002ஆம் ஆண்டு அவ்விதழின் குழு அவரைத் தேடிக் கண்டுபிடித்தது. கருவிழியின் கோலங்களை ஒப்பிட்டு இவரே அவர் என்று உறுதி செய்தனர். ஷர்பத் குலா என்ற பெயர் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. உலகமெல்லாம் பார்த்த தம் முகத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. படம் எடுத்த நாளைப் பற்றி அவர் நினைவுகூர்ந்தது, தமக்குக் கோபம் வந்தது என்பதே. அறியாத மனிதர் ஒருவர்; அதற்கு முன் யாரும் அவரைப் படம் எடுத்ததில்லை. போரின் அச்சம் என்று நாம் அனைவரும் படித்து உருகிய வரியை எழுதியது, அந்நியன் ஒருவன்பால் ஒரு பஷ்தூன் சிறுமி கொண்ட சினம். இதழ் எழுதிய விளக்கவுரையை மூலபாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே உலகம் ஓதி வந்திருக்கிறது.

அன்று எடுத்த படங்களில், அவர் தம் சால்வையால் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக் கொண்டிருக்கும் ஒன்றும் உண்டு. பின்னாளில் அதுவும் வெளியாயிற்று. முகம் மறைந்ததும் முகம் திறந்ததுமான இரண்டு படங்களில் திறந்ததே அட்டைக்குச் சென்றது. இதழாசிரியரின் கண்ணோட்டத்தில் அத்தேர்வு சரியானதே. நூறு இதழாசிரியர்களில் தொண்ணூற்றொன்பது பேர் அதையே செய்திருப்பர். ஆயினும் அந்த மற்றொரு படத்தைப் பார்க்கும்போது, பிறர் இல்லங்களுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் உரைக்காமல் நுழையாதீர்கள் என்னும் அந்நூர் அத்தியாயத்து 27ஆம் வசனத்தின் கருத்து நெஞ்சில் எழுகிறது. முகமும் ஒரு வாயில்தானே. கூடாரத்துக்குள் நுழைய ஆசிரியையிடம் அனுமதி பெறப்பட்டது. முகத்துக்குள் நுழைய?

பிறகு நடந்தவை படத்தை விடவும் கனமானவை. 2016 அக்டோபரில், முறைகேடாகப் பாகிஸ்தானிய அடையாள அட்டை பெற்றதாகப் பெஷாவரில் அவர் கைது செய்யப்பட்டார். அப்போதும் அவருடைய படம் ஒன்று உலகச் செய்திகளில் வந்தது. சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டு, நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். 2017இல் அன்றைய அரசு காபூலில் அவருக்கு ஒரு வீடு வழங்கியது. 2021இல் ஆட்சி மாறியபின் நவம்பரில் இத்தாலி அவருக்கு அடைக்கலம் தந்தது. நன்மையை விடத் தொல்லையையே அப்படம் மிகுதியாகத் தந்தது என்ற கருத்தை 2017இல் அவரே ஒரு நேர்காணலில் தெரிவித்திருந்தார். காமிராவின் மூலவர் நம்மவர் என்று இப்னுல் ஹைஸமைச் சொல்லிப் பெருமை கொள்ளும் கட்டுரைகள் நம் இதழ்களில் ஏராளம். அக்கருவியின் முன் அமர வைக்கப்பட்ட நம்மவரைப் பற்றி எழுதியவை அரிது.

இவ்வளவையும் கேட்ட அம்மாணவி, "அப்படியானால் பழைய படம் எதையும் மீண்டும் எடுக்கவே கூடாதா?" என்றார். இவ்விடத்தில்தான் நம் பாடத்திட்டம் நமக்குக் கைகொடுத்தது.

அரபுக் கவிதையில் முஆரளா என்றொரு மரபு உண்டு. முன்னோர் ஒருவரின் புகழ்பெற்ற கஸீதாவை எடுத்துக் கொண்டு, அதே யாப்பில், அதே இயைபில் தன் கஸீதாவைப் பாடுவது. மூலக் கவிதையை மறைப்பதில்லை. கேட்டவர் உடனே அடையாளம் காண வேண்டும் என்பதே நோக்கம். இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்களின் புர்தாவை நம் ஊர்களில் ஓதாத மஹல்லா குறைவு. அதே யாப்பிலும் மீம் இயைபிலும் எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கீ 'நஹ்ஜுல் புர்தா' பாடினார். ஆனால் நம் விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமானது ஸீனிய்யாக்கள் இரண்டின் கதை.

தம்மை ஆதரித்த கலீஃபா முதவக்கில் கொல்லப்பட்டபின் மனம் நொந்த புஹ்துரீ, மதாயினில் பாழடைந்து கிடந்த பாரசீகப் பேரரசரின் ஈவானைக் காணச் செல்கிறார். அங்கே சுவரில் ஓர் ஓவியம்: அந்தாக்கியாவில் பாரசீகரும் ரோமரும் பொருதும் காட்சி. பச்சை ஆடையில் அனூஷிர்வான். வேல் நீட்டுவோன் ஒருவன், கேடயம் ஏந்துவோன் ஒருவன். ஆனால் ஓசை இல்லை. உயிருள்ள ஊமையர் தமக்குள் சைகை பேசுவதாகக் கண் சொல்கிறது. ஐயம் மிகவே, உண்மைதானா என்று கையால் தடவிப் பார்க்கிறார் கவிஞர். ஒரு படத்தின் முன் நின்று மயங்கிய மனிதனை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இடம் நாம் பயின்ற அரபுக் கவிதையில் வேறில்லை. அயலாரின் இழப்பைப் பார்த்துக் கொண்டே அவர் தம் இழப்பைத்தான் பாடினார்.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் 1915இல் ஷவ்கீ நாடு கடத்தப்பட்டு ஸ்பெயினில் வாழ நேர்ந்தது. போர் முடிந்ததும் குர்துபாவையும் கர்னாதாவையும் கண்டார். அப்போது அவர் உள்ளத்தில் ஒலித்தது புஹ்துரீயின் ஸீனிய்யா. அதே கஃபீஃப் யாப்பு, அதே ஸீன் இயைபு. ஆனால் ஷவ்கீ மதாயினுக்குப் போகவில்லை! ஈவானின் இடத்தில் அல்ஹம்ரா நின்றது. முதவக்கிலை இழந்த துயரின் இடத்தில் எகிப்தைப் பிரிந்த ஏக்கம் வந்தது. சட்டகம் இரவல், துயரம் சொந்தம். இதில் இரவலை ஒப்புக் கொள்ளாவிட்டால் அது ஸரிகா, திருட்டு. துயரத்தையும் இரவல் வாங்கினால் அது வெறும் வேடம்.

நம் தமிழிலும் இம்முறை அந்நியமன்று. தமிழ்க் காப்பிய அமைதியை எடுத்துக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடிய உமறுப்புலவர், நாட்டுப் படலத்தில் அரபு நாட்டையே நெல் விளையும் மருத நிலமாக்கி விடுகிறார். மணல் நாட்டில் நாற்று நடுவதைக் கண்டு நகைத்தவர் உண்டு. தம் மண்ணைச் சட்டகத்துக்குள் கொண்டு வராமல் அவரால் பாட முடியவில்லை என்பதே உண்மை.

இவ்வளவுகோலை ஒளிப்படத்துக்குக் கொண்டு வந்தால் என்ன கிடைக்கிறது? தோளின் திருப்பம், கண்மட்டத்துக் கருவி, வடிந்த ஒளி, இருநிற இயைபு ஆகியவை யாப்பு. இவற்றை யாரும் எடுத்தாளலாம். அமர்ந்திருப்பவர் யார், ஏன் அப்படி நோக்குகிறார் என்பது பொருள். பொதுவாக நாம் காணும் ஆப்கான் சிறுமிப் போலிகள் யாப்பைக் கோட்டை விட்டுப் பொருளைத் திருடுகின்றன. பின்புலம் ஏதோ ஒரு பச்சை. ஒளி ஏதோ ஒரு ஒளி. ஆனால் சால்வையும் கண்ணும் கட்டாயம் இருக்கும். அவற்றுள்ளும் மிகுந்த சிரத்தை எடுத்துக் கொள்வது கண்ணின் நிறத்தில். மெக்கரியின் கலைத்திறன் எதுவும் இல்லாத ஒரே இடம் அதுதான். அது அல்லாஹ் படைத்த நிறம். அடுத்தபடியான சிரத்தை துளைகளில். சிறுமியின் சால்வையில் முகாம் வாழ்க்கை இட்ட துளையை, புதுச்சால்வையில் ஊதுபத்தியால் இடுகிறோம். நம் மாணவியிடம் இதைச் சொன்னபோது அவர் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று பின்னர் தோன்றியது.

முஆரளாவாகவே அமைந்த ஒளிப்படங்கள் இல்லாமல் இல்லை. 1956இல் மொராக்கோவில் பிறந்த லல்லா எஸ்ஸாய்தீ என்னும் பெண் கலைஞர், ஐரோப்பியர் வரைந்த கீழைநாட்டு அந்தப்புர ஓவியங்களைச் சட்டகமாகக் கொண்டு 'மொராக்கோப் பெண்கள்' என்ற வரிசையை எடுத்தார். அதிலொன்று, பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1814இல் வரைந்த ஓவியத்துக்கு முஆரளா. கீழை நாடுகளுக்கு ஒருமுறையும் வந்திராத ஆங்கர், ஆடையற்ற ஓர் அந்தப்புரப் பெண்ணைக் கற்பனை செய்து சாய்த்து வைத்தார். முதுகெலும்பை அளவுக்கு மீறி நீட்டிவிட்டார் என்பது அந்நாள் முதல் கூறப்படும் குறை. எஸ்ஸாய்தீ அதே கோலத்தில் ஒரு பெண்ணை அமர்த்தி, வெண்துணியால் போர்த்தி, துணி, தோல், பின்புலம் எங்கும் மருதாணியால் அரபு எழுத்துகளை நிரப்பினார். எழுதுகோல் ஆண்களின் கையிலும் மருதாணி பெண்களின் கையிலும் இருந்த ஒரு மரபில் மருதாணியையே எழுதுகோலாக்கியது சிறு செயலன்று. அவர் படங்களில் அமர்ந்தோர் அவருக்கு அறிமுகமானவர்கள்; என்ன செய்யப்படுகிறது என்பதை அறிந்து அமர்ந்தவர்கள்.

அரபு படிக்கத் தெரிந்த நாம் அவ்வெழுத்துகளைப் படிக்க முயன்றோம். ஓரிரு சொற்கள் பிடிபடும். பிறகு மடிப்பில் மறைந்துவிடும். உடலைப் பார்க்க வந்த கண் எழுத்தைப் படிக்கப் புகுந்து, படிக்கவும் முடியாமல் திரும்புகிறது. ஒரு மனக்குறையும் உண்டு. அரபு அறியாத பார்வையாளர்க்கு அவ்வெழுத்து வெறும் பூவேலையாகவே தோன்றக்கூடும். அப்போது ஆங்கரின் கோலம் மட்டுமே எஞ்சும். சட்டகம் வலுவாக இருந்தால் அது புதிய பொருளையும் விழுங்கிவிடும் என்பதற்கு முஆரளாக் கவிதைகளிலேயே எடுத்துக்காட்டுகள் மிகுதி.

மாணவி ஒரு மறுப்பையும் சொன்னார். "அந்தப் படம் இல்லையென்றால் நாஸிர் பாக் முகாமை நம்மில் யார் அறிந்திருப்போம், ஹஜ்ரத்?" இதற்கு நம்மிடம் முழுமையான பதில் இல்லை. 2002க்குப் பின் ஆப்கானியச் சிறுமியரின் கல்விக்கென அவ்விதழ் நிறுவனம் ஒரு நிதியம் தொடங்கியதும் அப்படத்தின் பேரால்தான். 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் டொரோத்தியா லாங் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' படமும் இவ்வாறே. அது வெளியானதும் பசித்திருந்த முகாமுக்கு உணவு வந்தது. ஆனால் படத்திலிருந்த ஃபுளோரன்ஸ் தாம்ப்சனின் பெயரை 1978 வரை உலகம் அறியவில்லை. தமக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்று அவர் மனம் கசந்தார். மூலப்படம் எடுத்தவர்க்குத் தேவை என்னும் வாதம் கொஞ்சம் உதவலாம். மதிப்பெண்ணுக்காக மீண்டும் எடுப்பவர்க்கு அந்த வாதமும் இல்லை. இவ்வளவே நாம் சொல்லக் கூடியது.

இரு வாரங்கள் கழித்து அவர் மீண்டும் வந்தார். கையில் ஒரு சிறு கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய தந்தைவழிப் பாட்டியாரை ஹஜ் பயண ஆவணத்துக்காக எடுத்தது. வாழ்நாளில் முதன்முதலாக எடுக்கப்பட்டது. ஸ்டூடியோக்காரர் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னாராம். படத்தைக் கண்ணருகே கொண்டு சென்று பார்த்தோம். முகத்தில் சுருக்கம் இல்லாத காலத்துப் படம். தோள் சற்றே திரும்பி, முகம் நேரே நோக்குகிறது. அந்தப் பார்வையை நாம் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறோம்.

அதே யாப்பில் பாட்டியாரை இன்று எடுக்கப் போவதாக அவர் சொன்னார். வீட்டுச் சுவர் ஒன்று ஏற்கெனவே பச்சை நிறம். சன்னல் வழியே வடிந்த ஒளி வருகிறது. கண்ணில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. பாட்டியாரிடம் கேட்டதற்கு அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "யார் யார் பார்ப்பாங்க?" ஆசிரியர், உடன் படிப்பவர்கள், ஆண்டுக் கண்காட்சிக்கு வருவோர், பிறகு கைபேசியில் யார் யாரோ என்று பேத்தி வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியரும் உடன் படிக்கும் பெண்பிள்ளைகளும் பார்க்கலாம். கைபேசியில் போகக் கூடாது என்பது பாட்டியாரின் முடிவு. ஆகவே, கணினிக் கோப்பாக அன்றித் தாளில் அச்சிட்ட ஒரே பிரதியாக ஒப்படைக்க இடந்தருமாறு கேட்டு மாணவி தம் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.